வனைகளமா, வடிவமைப்புப் பட்டறையா?

வணக்கம். மென்பொருள் நிறுவனங்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புது மென்பொருளை எழுதத் தொடங்கும் முன், அதைப் பயன்படுத்தப் போகும் கணக்கர், ஸ்டோர் கீப்பர், மேலாளர் ஆகியோரும் நிரலர்களும் ஓர் அறையில் கூடி, திரைகளைத் தாளில் வரைந்து மாதிரி செய்து பார்க்கும் கூட்டத்துக்கு ஒரு சொல் வேண்டும். ‘கூட்டு வடிவமைப்புப் பட்டறை’ என்று எழுதியிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் வருவதால் நீளம் உறுத்துகிறது.

———

பட்டறை என்றாலே எனக்குச் சம்மட்டிச் சத்தம்தான் கேட்கிறது. ‘வனைதல்’ இருக்கிறதே! புறநானூறு 256-இல், கணவனை இழந்தவள் குயவனிடம் ‘அகலிது ஆக வனைமோ’ என்கிறாள். தாழியின் அகலத்தை, அது சூளைக்குப் போகும் முன்பே, அது யாருக்கு வேண்டுமோ அவளே சொல்கிறாள். உங்கள் கூட்டத்தில் நடப்பதும் இதுதான். ‘வனைகளம்’ என்று வையுங்கள். வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘வனைக்களம்’ என்று அச்சாகிவிடக் கூடாது.

அப்புறம், ‘மாதிரி’க்கும் சங்க இலக்கியத்தில் திசையைக் குறிக்கும் ‘மாதிர’த்துக்கும் உறவு உண்டு என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

———

ஐயா, பாட்டு அருமை. ஆனால் அது ஈமத்தாழி, இறந்தவரை இட்டுப் புதைக்கும் பானை. புதிதாக ஒன்றைத் தொடங்கும் இடத்துக்கு அந்த நினைவு வேண்டாமே.

இத்தகைய கூட்டங்களை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். வாசலில் ஒட்டிய பெயரே புரியாவிட்டால், ஸ்டோர் கீப்பர் உள்ளே வந்து வாய் திறக்க மாட்டார். மேலாளர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அப்படிச் செய்த மென்பொருள் யாருக்கு உதவும்? 1981-இல் ஸ்காண்டிநேவியாவில் தொடங்கிய உட்டோப்பியா திட்டத்தில், செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்கள் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து, வெறும் அட்டைப்பெட்டியை லேசர் பிரிண்டராக வைத்துப் பக்க அமைப்பு வேலையை நடத்திப் பார்த்தார்கள். அட்டை என்பதால் பிடிக்காததைத் தயங்காமல் மாற்றச் சொல்ல முடிந்தது. சொல்லும் அப்படி எளிதாக இருக்கட்டும். சம்மட்டிச் சத்தம் கேட்டால் நல்லதுதான். கையால் செய்யும் இடம் அது.

———

இடையில் ஒரு ஐயம். கூகுளில் ஜேக் நாப் உருவாக்கிய ஐந்து நாள் ‘டிசைன் ஸ்பிரிண்ட்’டும் இதில் அடங்குமா? அங்கே வியாழன்று மாதிரி செய்து, வெள்ளியன்று ஐந்து பயனர்களிடம் காட்டிப் பார்ப்பார்கள். பட்டறை என்றால் அந்த வேகம் வரவில்லை. ‘விரைவனைவு’?

———

‘விரைவனைவு’ என்பதை விரை, வனைவு என்று யார் பிரித்துப் படிப்பார்கள்? ஸ்பிரிண்ட் அப்படியே இருக்கட்டும், அதற்குத் தனி இயல் இருக்கிறது. ‘வடிவமைப்புப் பட்டறை’ என்று சுருக்கிக்கொள்கிறேன். ‘கூட்டு’ முதல் இயலில் மட்டும். பெரும்பாலோர் இதற்குத்தான் சரி சொல்லியிருக்கிறீர்கள். அங்கே செய்து பார்க்கும் மாதிரிக்கு ‘முன்மாதிரி’ என்ற சொல்லும் இருக்கும்.

———

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ‘கூட்டு’ போய்விட்டால், நிரலர்கள் மட்டும் கூடி வரைந்தாலும் அதே பெயர்தானே? ஸ்டோர் கீப்பருக்காக இங்கே இவ்வளவு வாதாடியும், பெயரிலிருந்து அவரை எடுத்துவிட்டீர்கள். பின்னிணைப்பில் ‘வனைகள’த்துக்கு ஒரு வரி கொடுங்கள்.