ஒரே ஹெடர்ல 6 ஃபேன், சேஃபா எப்படி?

வணக்கம் நண்பர்களே, என் டெஸ்க்டாப் கேஸ்ல 6 ஃபேன் மாட்டணும், ஆனா மதர்போர்டுல காலியா இருக்கறது ஒரே ஒரு ஃபேன் ஹெடர்தான் (ஃபேன் வயரை சொருகற இடம்). மேனுவல்ல அதுக்கு அதிகபட்சம் 1 ஆம்பியர்னு போட்டிருக்கு, ஃபேன் ஒவ்வொண்ணும் 0.25, அப்ப ஆறும் சேர்ந்தா 1.5 ஆயிடுது, சுத்த ஆரம்பிக்கறப்போ இன்னும் கூட இழுக்கும் வேற, அதனால ஒரு ஹெடரை பலதா பிரிக்கற ஸ்ப்ளிட்டர் வயரை ஒண்ணு மேல ஒண்ணா போடறதுல எனக்கு துளியும் விருப்பமில்ல, போர்டு போனா போனதுதான். பவர் சப்ளைல இருந்து வர்ற சாட்டா வயர்ல கரண்ட் எடுத்துக்கிட்டு மதர்போர்டுல இருந்து ஃபேன் ஸ்பீடை கட்டுப்படுத்தற பிடபிள்யூஎம் சிக்னல் மட்டும் வாங்கற ஹப் போடலாம்னு இருக்கேன். ஆனா ரெண்டு ஃபேன் 3 பின், அதாவது பிடபிள்யூஎம் சிக்னலுக்கான நாலாவது பின் இல்லாதது, அதுங்க அந்த ஹப்ல எப்பவும் ஃபுல் ஸ்பீடுலயே ஓடுமே, என்ன பண்றது? அப்புறம் ஆர்பிஎம் (சுத்தற வேகம்) ஒரு ஃபேனோடது மட்டும்தான் தெரியும், மத்தது நின்னுட்டா எப்படி கண்டுபிடிக்கறீங்க? ஹப் யூஸ் பண்றவங்க சொல்லுங்க ப்ளீஸ்.