ஸ்பிட்ஃபயருக்கு ஃபைபர் கிளாஸ் பின்பம்பர்: அச்சு எடுப்பதா, நேரடியாகவே செய்வதா?

காக்ஸ்டவுன்காரன் கேட்டது:

வணக்கம். என்னிடம் 1972ஆம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 ஒன்று இருக்கிறது. நான் வாங்கியபோதே அதில் பின்பம்பர் இல்லை; துருப்பிடித்துப்போன பம்பரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக முந்தைய உரிமையாளர் சொன்னார். குரோம் பம்பரை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம் என்பது தெரியும். ஆனால் நான் விரும்புவது வேறு. வெட்டி நிறுத்தினாற்போல முடியும் அந்த வண்டியின் பின்புறத்தை ஒட்டியே சென்று, இரு ஓரங்களிலும் சக்கரத்தை நோக்கித் திரும்பி, நடுவில் நம்பர் பிளேட்டுக்கு ஒரு பள்ளமும் சைலன்சர் குழாய்க்கு ஒரு வெட்டும் கொண்ட, வண்டியின் நிறத்திலேயே அமைந்த ஒற்றைத் துண்டு பம்பரைச் செய்ய எண்ணுகிறேன்.

முதல் முயற்சி வீணாயிற்று. தெர்மோகோல் பலகைகளை ஒட்டி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினைப் பூசினேன். பத்து நிமிடத்திற்குள் மூன்று வார உழைப்பும் வெயிலில் வைத்த வெண்ணெயாகக் குழைந்துவிட்டது. இனி எதைச் செதுக்குவது? செதுக்கியதன்மேல் நேரடியாகவே கண்ணாடியிழை மேட்டை (இழை விரிப்பை) ஒட்டிவிடலாமா, அல்லது அதிலிருந்து அச்சு எடுத்துத்தான் ஆக வேண்டுமா? ஓரங்கள் உள்நோக்கித் திரும்புவதோடு கீழ் விளிம்பும் முன்பக்கம் மடிவதால், அச்சு எடுத்தால் பம்பர் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்று அஞ்சுகிறேன். வேலை செய்யும் இடம் பெங்களூரில் என் வீட்டு முன்பகுதியிலுள்ள தகரக் கொட்டகை.

ஓய்வுபெற்ற இழைக்காரன் எழுதியது:

தம்பி, தெர்மோகோல் கரைந்தது உங்கள் கைப்பிழை அன்று. பாலியெஸ்டர் ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் செய்த வேலை. தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான் என்பதால், ஸ்டைரீன் பட்ட இடத்தில் அது கரையத்தான் செய்யும். எப்பாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் அது தெர்மோகோலைத் தொடாது. ஆனால் பாலியெஸ்டருக்கென விற்கப்படும் வெட்டிழை மேட்டில் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை எப்பாக்ஸியில் சரியாகக் கரையாமல், மேட் வளைவுகளில் படியாது விறைத்து நிற்கும். எப்பாக்ஸிதான் வேண்டுமென்றால் நெய்த இழைத்துணிக்குப் போக வேண்டும், செலவும் ஏறும். பம்பருக்குப் பாலியெஸ்டரே போதும். நீரை நன்கு தாங்கும் ஐசோ வகையாக இருந்தால் நல்லது. செதுக்குவதற்கு மஞ்சள் நிற பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் பலகை வாங்குங்கள். அதைப் பாலியெஸ்டர் கரைக்காது.

இந்நகரத்திற்கும் கண்ணாடியிழைக்கும் உறவு பழையது. சிபானி நிறுவனம் 1980களில் இங்கேயே டால்ஃபின் காரின் உடல் முழுவதையும் கண்ணாடியிழையில் செய்தது. 1993இல் முதன்முறையாகப் பறந்த ஹம்சா பயிற்சி விமானத்தின் உடலும் இழைக்கூட்டுப் பொருளால் ஆனதே. நானும் அத்துறையில் காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: அச்சு எடுங்கள். ஃபோமின்மேல் நேரடியாக மேட்டை ஒட்டினால் வெளிப்பரப்பு கரடுமுரடாகத்தான் வரும். அதைச் சமப்படுத்த மில்லிமீட்டர் கணக்கில் பட்டி ஏற்ற வேண்டியிருக்கும். பம்பர் சற்று வளைந்து கொடுக்கும் பொருள் என்பதால், அந்தத் தடித்த பட்டி முதல் இடியிலேயே வெடிக்கும்.

சிக்கிக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு விடை, அச்சை மூன்று துண்டுகளாகப் பிரிப்பதுதான். நடுப்பகுதி ஒன்று, திரும்பும் ஓரங்களுக்கு ஒவ்வொன்று. கீழ் மடிப்பும் வழிவிடவில்லையென்றால் அதற்கு நான்காவதாக ஒரு துண்டு. பிரியும் கோட்டில் மெல்லிய பிளைவுட் தடுப்பைக் களிமண்ணால் நிறுத்தி, ஒரு பக்கத்தை முதலில் வார்த்து, அது இறுகிய பிறகு தடுப்பை நீக்கி, வெளிப்பட்ட விளிம்புக்கும் மெழுகு பூசி, அடுத்த பக்கத்தை அதை ஒட்டியே வார்க்க வேண்டும். விளிம்பு 50 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். போல்ட் துளைகளை அச்சைப் பிரிப்பதற்கு முன்பே இடுங்கள். பிரித்த பிறகு இட்டால் துண்டுகள் மறுமுறை அதே இடத்தில் உட்காரமாட்டா. நேராக இழுபடும் சுவர்களுக்கும் இரண்டு மூன்று பாகைச் சாய்வு கொடுங்கள்.

பொருள் கணக்கையும் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகலமும் மடிப்புகளோடு சேர்த்து 35 சென்டிமீட்டர் உயரமும் என்றால் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர். 450 கிராம் மேட் மூன்று அடுக்கு வைத்தால் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர் வரும். இழை சுமார் 700 கிராம், அதைப்போல் இரண்டரை மடங்கு ரெசின், வெளிப்பரப்புக்காக அச்சில் முதலில் பூசும் ஜெல் கோட் ஒரு 300 கிராம். ஆக பம்பர் மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். அச்சுக்கு இதைப்போல் இரு மடங்கு தடிமன் வேண்டும்.

பீன்யா பட்டறை எழுதியது:

ஐயா சொன்னதில் தவறில்லை. ஆயினும் ஒரே ஒரு பம்பருக்காக மூன்று துண்டு அச்சு செய்வது கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பது போன்றது என்பது என் கருத்து. எங்கள் பட்டறையில் ஒற்றைத் துண்டு வேலைகளை ஃபோமின்மேலேயே செய்கிறோம். கடைசி அடுக்காக மிக மெல்லிய சர்ஃபேஸ் மேட் வைத்து, அது இறுகும் முன் பாலியெஸ்டர் தாளை மேலே விரித்து நீவிவிட்டால், ஒரே திசையில் வளையும் பரப்புகளில் பட்டி மிகக் குறைவாகவே தேவைப்படும். பிறகு உள்ளிருக்கும் ஃபோமைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

எந்த வழியில் செய்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். ஃபோமைத் தனியாக மேசைமேல் வைத்துச் செதுக்காமல், வண்டியின் பின்புறத்தை மாஸ்கிங் டேப்பாலும் அதன்மேல் அலுமினியத் தாளாலும் முழுமையாக மூடி, வண்டியோடு பொருத்தியே செதுக்குங்கள். ஐம்பது ஆண்டுப் பழைய வண்டியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை; மேசைமேல் இரு புறமும் சரிசமமாகச் செதுக்கிய பம்பரை வண்டியில் மாட்டினால் கோணலாகத் தெரியும். உடலுக்கும் பம்பருக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நம்பர் பிளேட் 500க்கு 120 மில்லிமீட்டர் என்பதால், பள்ளத்தின் தட்டையான பகுதி அதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்.

ஹெரால்டு 1966 எழுதியது:

நான் ஃபைபர் வேலை அறியாதவன். சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வைத்திருப்பவன், ஆகவே உங்கள் ஸ்பிட்ஃபயருக்கு ஒருவகையில் பங்காளி. ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தானே 1962இல் ஸ்பிட்ஃபயரை உண்டாக்கினார்கள்; இரண்டுக்கும் வடிவம் தந்தவரும் மிகெலோட்டி ஒருவரே. அவர் கோடு போட்ட வாலில் நாம் கைவைக்கலாமா என்று என் மனம் கேட்கிறது; அது உங்கள் வண்டி, உங்கள் விருப்பம்.

ஆனால் வண்டியின் பதிவுத் தாள்களைப் பற்றி யோசித்தீர்களா? 2021இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான வண்டிகள் விண்டேஜ் பதிவு பெறலாம். ஆனால் அவை அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேஸி, உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. தயாரிப்பாளரின் அசல் விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும் பம்பரை உடற்கூடு என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்; இருந்தாலும் பழைய பம்பரின் துளைகளையே பயன்படுத்துங்கள், உடலில் புதிதாக ஒரு துளைகூட இடாதீர்கள். நாளை குரோம் பம்பர் கிடைத்தால் அரை மணி நேரத்தில் மாற்றும்படி இருக்கட்டும்.

காக்ஸ்டவுன்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. புதிய துளை இடமாட்டேன் என்று உறுதி சொல்கிறேன். பட்டறை நண்பர் சொன்ன வழி எளிதாகத் தோன்றினாலும், பம்பர்தான் வண்டியில் முதலில் அடிபடும் உறுப்பு என்பதால், அச்சு கையில் இருந்தால் மறுமுறை ஒரே நாளில் இன்னொன்று எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, அச்சு வழியையே தேர்ந்துகொண்டேன். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஒரு மாலை நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ஐயா, ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர் எவ்வளவு சேர்ப்பது? டிசம்பர் காலைகளில் இங்கே குளிராக இருப்பது தடையாகுமா? கடைக்காரர் கோபால்ட் என்று ஊதா நிறத்தில் ஒரு புட்டியையும் தந்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற இழைக்காரன் எழுதியது:

ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் அந்த ஊதாப் புட்டியைப் பற்றி முதலில். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கரண்டியையோ துணியையோ பயன்படுத்தவும் கூடாது. உங்கள் ரெசினில் கோபால்ட் முன்பே கலக்கப்பட்டிருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கலந்திருந்தால் அந்தப் புட்டியைத் திறக்கவே வேண்டாம். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். ஆகவே கண்ணாடி அணியாமல் அதைத் தொடாதீர்கள்; ஸ்டைரீன் ஆவிக்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், துணி முகமூடி பயன்படாது.

அளவு: அரைக் கிலோ ரெசினுக்கு ஒன்றரை விழுக்காடு, அதாவது ஏழரை கிராம். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே முறையில் கலக்காதீர்கள். கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். குளிரை ஈடுகட்ட ஹார்ட்னரைத் தாராளமாக ஊற்றுவதைவிட, காலை பதினொரு மணிக்கு மேல் தகரம் சற்றுச் சூடேறிய பிறகு தொடங்குவது நல்லது. 20 பாகைக்குக் கீழே வேலை மந்தமாகும். மழை நாளில் வேண்டவே வேண்டாம்.

புதிய அச்சுக்கு ஐந்தாறு முறை மெழுகு தேய்த்து, அதன்மேல், வார்ப்பு ஒட்டாமல் பிரிய உதவும் பிவிஏ திரவம் பூசுங்கள். கார் பாலிஷை மெழுகாகப் பயன்படுத்தினால் அதிலுள்ள சிலிகான் பின்னர் பெயின்ட்டில் மீன்கண் போன்ற குழிகளை உண்டாக்கும். ஜெல் கோட்டை விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக்கூடாது. அந்தப் பதத்தில்தான் முதல் மேட். அதற்கு முன்பே அவசரப்பட்டாலோ, ஜெல் கோட்டை மிக மெல்லியதாகப் பூசினாலோ, ஸ்டைரீன் அதைத் தாக்கி முதலைத் தோல்போலச் சுருக்கிவிடும். முதல் அடுக்கில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாதபடி உருளையால் அழுத்தி எடுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்கப்பால் இருக்கிறது. பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும். அதனால் மூலைகள் ஓரிரு பாகை உள்நோக்கி மூடிக்கொள்ளும். நீண்ட பம்பரில் அது ஓரங்களில் பல மில்லிமீட்டராகத் தெரியும். ஒரு முழு நாளாவது அச்சுக்குள்ளேயே விட்டுவிட்டு, எடுத்தவுடன் வண்டியிலேயே போல்ட் போட்டு மாட்டி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். பெயின்ட் அதற்குப் பிறகே. போல்ட் வரும் இடங்களில் மேலும் இரண்டு அடுக்கு மேட் வைத்து, உட்புறம் 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையோடு அகன்ற வாஷர் போடுங்கள். வெறும் போல்ட் தலை மட்டும் இருந்தால் துளையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். சைலன்சர் குழாயைச் சுற்றி விரற்கடை இடைவெளி போதாது. மூன்று சென்டிமீட்டர் விட்டு, உள்ளே அலுமினியத் தகடு ஒன்றையும் பொருத்துங்கள்.

பீன்யா பட்டறை எழுதியது:

பம்பரில் நம்பர் பிளேட் விளக்கைப் பொருத்துவதாக இருந்தால், அதற்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்து வண்டியின் உடலில் திருகுங்கள். இரும்புப் பம்பரில் விளக்கு தானாகவே எர்த் ஆகிவிடும், ஃபைபரில் ஆகாது. பல்பையும் ஃபியூஸையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து எங்களிடம் வருபவர்கள் உண்டு.

காக்ஸ்டவுன்காரன் எழுதியது:

அந்த வரிசையில் நானும் நின்றிருப்பேன். வரும் ஞாயிறு வண்டியை டேப்பால் மூடும் வேலையைத் தொடங்குகிறேன். ஃபோம் பலகை நேற்றே வந்துவிட்டது. வெட்டிய ஒரு சிறு துண்டின்மேல் ரெசினைத் தடவி ஒரு மணி நேரம் பார்த்தேன். கரையவில்லை.