பாட்டியோட பீங்கான் செட்: வெச்சுக்கறதா, வித்துடறதா?

பரண்மேல்: "வெளிச்சத்துல பிடிங்க, விரல் நிழல் தெரிஞ்சா அசல் போன் சைனா (எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான்), அதை விக்கறவன் முட்டாள்"னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார், படிச்சதுல இருந்து எரிச்சலா இருக்கு. பாட்டி செட் என்கிட்ட 11 வருஷமா இருக்கு. ஒரு வாய் யாரும் அதுல குடிச்சதில்ல. வருஷம் ஒரு தடவை பேப்பரைப் பிரிச்சு, ஒவ்வொண்ணா கழுவித் துடைச்சு, திரும்பச் சுத்தி மேல ஏத்தறேன். போன தடவை ஒரு கப்போட காது கையோட வந்துடுச்சு, அப்படியே உக்காந்துட்டேன். வித்துடலாம்னு இருக்கேன்.

வெள்ளைத்தட்டு: அந்த ஒருத்தர் நான்தான். விரல் நிழல் தெரியுதா இல்லையா?

பரண்மேல்: தெரியுது. அதுக்கு?

வெள்ளைத்தட்டு: அப்ப போன் சைனாதான். விக்காதீங்க.

களிமண்: மெல்லிசா இருந்தா எலும்பு கலக்காத சாதா பார்சிலின் பீங்கான்லயும் நிழல் தெரியும் சார். 1710ல ஜெர்மனியில தொடங்கின மைசன் பீங்கான் பட்டறைச் சரக்குல எலும்பே கிடையாது, வெளிச்சம் ஊடுருவத்தான் செய்யும். எலும்புச் சாம்பலைக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி சேர்க்கறது 1790கள்ல இங்கிலாந்துல ஸ்போட்ங்கற பீங்கான் பட்டறைக்காரர் நிலைநிறுத்தின முறை. நிழலை விட்டுட்டு அடியில இருக்கற முத்திரையைப் பாருங்க.

வெள்ளைத்தட்டு: முத்திரையை யார் வேணா போலியா குத்தலாம், நிழலை எவன் குத்துவான்? போன தடவை தோசைக்கல் விஷயத்துலயும் இப்படித்தான் நடுவுல வந்து பாடம் எடுத்தீங்க, நான் மறக்கல.

களிமண்: தோசைக்கல் எங்கிருந்து வந்துது இங்க?

மூத்தவ: விக்கறதுக்கு முன்னாடி கூடப்பொறந்தவங்களைக் கேட்டீங்களா தம்பி?

பரண்மேல்: கேட்டேன்க்கா. யாருக்கும் வேணாமாம், ஆனா விக்கவும் கூடாதாம். அப்ப சுமக்கறது நான் மட்டுமா?

மூத்தவ: பெரியவங்க பொருள், அப்படித்தான் இருக்கும். தினமும் எடுத்துப் புழங்குங்க, அதுக்குத்தானே வாங்கினாங்க.

களிமண்: புழங்கலாம், ஆனா பழைய பளபளப்புப் பூச்சுலயும் கலர்லயும் ஈயம் இருக்கலாம், புளிப்பு பட்டா இறங்கும். தங்க விளிம்பு இருந்தா மைக்ரோவேவ்ல வெக்காதீங்க, பொறி பறக்கும். டிஷ்வாஷர்ல போட்டாலும் தங்கம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும்.

வெள்ளைத்தட்டு: ஈயம்னு பயமுறுத்தாதீங்க. பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தானே காலங்காலமா சமைச்சாங்க?

களிமண்: அது வெள்ளீயம். நான் சொல்றது காரீயம். வேற வேற உலோகம்.

வெள்ளைத்தட்டு: பேச்சை மாத்தறீங்க. விரல் நிழல் தெரியுதுன்னு அவரே ஒத்துக்கிட்டார், அதுக்குப் பதில் சொல்லுங்க.

களிமண்: நாலாவது தடவை சொல்றேன், ரெண்டுலயும் தெரியும்!

மூத்தவ: ரெண்டு பேரும் கத்தாதீங்க. அந்த உடைஞ்ச காதை என்ன செஞ்சீங்க தம்பி, தூக்கிப் போட்டுட்டீங்களா?

பரண்மேல்: இல்லக்கா. டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன், ஒட்ட மனசு வரல, போடவும் மனசு வரல. பாட்டி கட்டைவிரல் வெக்கற இடத்துல தங்கம் தேஞ்சிருக்கு, பாத்துட்டேன். அவங்க மட்டும் அதுல குடிச்சிருக்காங்க போல. அதுக்காக மிச்சத்தையும் நான் ஏன் சுமக்கணும்?

வெள்ளைத்தட்டு: அப்ப அந்தக் கப்பையே வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, தெரியும்.

களிமண்: மறுபடியும் நிழலா?

வெள்ளைத்தட்டு: ஆமா, நிழல்தான். உங்ககிட்ட ஒரு கப்பாவது இருக்கா, பிடிச்சுப் பாத்திருக்கீங்களா, சும்மா வருஷம் எழுதறீங்க.

களிமண்: என்கிட்ட என்ன இருக்குன்னு உங்களுக்கு ஏன் சார்?