மறு: 'கிரிட்'டுக்கு என்ன போடலாம் – கட்டமா, வலையா, பாத்தியா?

எல்லாருக்கும் வணக்கம். பக்கத்துல எழுத்தும் படமும் எங்கெங்க வரணும்னு முன்னாடியே போட்டு வெக்கிற கண்ணுக்குத் தெரியாத கோடுங்கதான் 'கிரிட்டு', அதுக்குத்தான் நம்ம குழுவுல தமிழ்ப் பேர் தேடிட்டு இருக்கோம்.

> "கட்டமைப்பு வலை" என்பது பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

சேலத்து ஐயா கோவிச்சுக்கக் கூடாது, ரெண்டுமே ஏற்கெனவே புக் ஆகிப்போன வார்த்தைங்க. வலைன்னா இப்ப இன்டர்நெட்டு, கட்டமைப்புன்னா ரோடும் பாலமும். வெறும் 'கட்டம்'னு வெச்சுக்கலாம்னு நானும் ஒரு வாரம் சொல்லிப் பாத்தேன். "சார் கட்டம் சரியில்ல, மாத்திப் போடணும்"னு ஒரு கஸ்டமர்கிட்ட சொன்னா அவர் என்னை ஜோசியக்காரன் மாதிரி பாக்குறாரு.

விஷயத்துக்கு வரேன். தர்மபுரியில டிடிபி வேலை, அதாவது அச்சுக்குக் கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிற வேலை பாக்குறவன் நான், ஒகேனக்கலுக்கு ஒரு மடிப்பு நோட்டீஸ் புதுசா பண்ணலாம்னு நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பேசி அது என் டேபிளுக்கு வந்துச்சு, பெங்களூர்ல இருந்து வர்றவங்க ஜாஸ்தி அதனால தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணும் வேணும்னாங்க. மாதிரிக்குன்னு ஒரு பழைய நோட்டீஸ் குடுத்தாங்க. மீன் வறுவல் எண்ணெய் ஊறி ஒரு ஓரம் கண்ணாடி மாதிரி ஆயிருக்கு, பரிசல்ல உக்காந்து விரிச்சிருப்பாங்க போல, மடிப்பும் மடிப்பும் சந்திக்கிற மூலை நைஞ்சு ஓட்டை விழுந்திருக்கு. அதெல்லாம் பரவால்ல. "இங்கு குளிக்கக் கூடாது"ங்கிறதுல மடிப்பு சரியா நடுவுல விழுந்து, மடிச்சுக் கையில வெச்சா "இங்கு குளிக்க"ன்னு மட்டும் தெரியுது!

இதுக்குத்தான் கிரிட்டு. ஏ4 தாளை மூணா மடிச்சா ஒவ்வொண்ணும் 99 மிமீ, ஆனா மூணையும் 99-னே வெச்சா உள்ள போற மடிப்பு முட்டிக்கிட்டு உப்பும், அதனால 100, 100, 97-னு வெப்போம். முதல்ல இந்த வரப்பை போட்டுட்டுத்தான் எழுத்தையே உள்ள விடணும். கவனிச்சீங்களா, நானே 'வரப்பு'ன்னு எழுதிட்டேன். எங்க பிரஸ்ல கட்டிங் பாக்குற அண்ணன் ரொம்ப நாளா அப்படித்தான் சொல்றாரு, அவருக்குப் பாலக்கோடு பக்கம் கொல்லை இருக்கு.

அதனால என் ஓட்டு: கிரிட்டோட ஒரு துண்டு பாத்தி. மடிப்பு விழற இடைவெளி வரப்பு. பாத்திக்குள்ள ரெண்டு பத்திக்கு (நெடுக்கா ஓடுற எழுத்து வரிசைக்கு) நடுவுல விடுற சின்ன சந்து வாய்க்கால். மொத்தமா பிரிச்சு வெக்கிற வேலை பாத்தி கட்டுறது, அந்த வெறும் தாள் பாத்தித்தாள்.

> கோலப் புள்ளி இருக்கும்போது பாத்தி எதற்கு அண்ணா? புள்ளி வைப்பதும் கிரிட்தானே.

ஓசூர் தம்பி, நல்ல யோசனைதான், ஒரு நாள் பூரா நானும் அதுலயே இருந்தேன். ஆனா கோலம் போட்டு முடிச்சப்புறமும் புள்ளி கண்ணுக்குத் தெரியும். கிரிட்டு தெரியக் கூடாது. ராகி முழங்காலுக்கு வளந்துட்டா வரப்பு எங்கன்னு தேடணும், ஆனா தண்ணி அது சொல்ற வழியிலதான் போகும், படிக்கிறவன் கண்ணும் அப்படித்தான் மடை மாத்தி மாத்திப் போகணும். அப்புறம் பெரிய அருவி போட்டோ ஒண்ணு ரெண்டு பாத்திக்கும் சேத்துப் போடணும்னா என்ன பண்றோம், வரப்பை வெட்டி விடுறோம். புள்ளியில இந்தப் பேச்சுக்கு எடம் இல்ல.

> அரசு அலுவலகத்தில் பாத்தி என்றால் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டுங்க ஐயா. குறள் 718-லயே பாத்தி இருக்கு, புதுசா நான் கண்டுபிடிக்கல.

யூனிகிரிட்டைப் பத்தி அம்மா ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. அமெரிக்காவுல தேசியப் பூங்காக்காரங்க ஆளுக்கொரு சைஸ், ஆளுக்கொரு எழுத்துன்னு அடிச்சிட்டு இருந்தாங்க, 1977-ல மாசிமோ விக்னெல்லிங்கிற டிசைனர் எல்லாத்தையும் ஒரே அளவு முறைக்குள்ள கொண்டாந்தாரு. தலையில கருப்புப் பட்டை, அதுல வெள்ளையா ஹெல்வெடிகாங்கிற எழுத்துருவுல பூங்கா பேரு, அவ்வளவுதான், தூரத்துல பாத்தாலே யாரோடதுன்னு தெரிஞ்சிடும். அது ஒரு பேரு, அதை யூனிகிரிட்டுன்னே விட்டுடலாம், மொழிபெயர்க்க வேணாம். பட்டைக்கு 'தலைப்பட்டை' போதும், அதுல சண்டை இல்லைன்னு நெனைக்கிறேன்.

ஆனா அவங்க அளவை அப்படியே எடுத்தா நமக்கு ஆகாது. அவங்களுக்கு ஒல்லிப் பத்தி தாங்கும், நம்ம "பாதுகாக்கப்பட்டிருக்கிறது" ஒண்ணே ஒரு வரியை முழுங்கிடும், அடுத்த வரியில ரெண்டு வார்த்தைக்கு நடுவுல பஸ் விடலாம். அதனால தமிழ் இருக்கிற பக்கம் அகலம் பூராவும் ஒரே பத்தி, வாய்க்காலே வேணாம், வலது ஓரம் நேர் பண்ணாம விட்டுடணும். கன்னடத்துக்கு மேல கீழ எழுத்துங்க நீளும், வரி இடைவெளி கொஞ்சம் தாராளமா வேணும்.

(ஊர் பேரே ஹொகே, கல்லு, ரெண்டும் கன்னடம், புகையுற கல்லு. அதைத் தமிழ்ல புகைக்கல்னு மாத்தணும்னு யாராச்சும் ஆரம்பிச்சா நான் குழுவை விட்டே ஓடிருவேன்.)

'பிரோஷர்'க்கு சிற்றேடா மடிப்பிதழாங்கிறதை வேற இழையில வெச்சுக்கலாம், என் பக்கம் மடிப்பிதழ். பாத்திக்கு மறுப்பு இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதுங்க, சனிக்கிழமை அச்சு பிளேட்டு போட அனுப்புறேன், பின்பக்கம் கீழ "பாத்தி கட்டியது"ன்னு எங்க கட்டிங் அண்ணன் பேரையும் போடப்போறேன்.