புதுப்பிப்பு: ஆஸ்ட்ரோஃபைட்டம் கள்ளி விதைப்பு, ஆறாவது வாரம்

விதைத்த தொட்டியை ஜிப் பையில் 3 மாதம் மூடியே வைக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்: பச்சைப் பாசி தென்பட்டதுமே பையைத் திறக்கத் தொடங்குங்கள். பாசி ஏடாகப் படிந்தால் சின்ன நாற்றுகளை மூடிவிடும். ஒரே நாளில் முழுதாகத் திறந்தால் நாற்று வாடும். தினம் ஒரு விரலளவு, 10 நாளில் முழுதும்.

மண்ணின்மேல் கொதிநீரில் அலசிய 1–2 மி.மீ. மணலை நாற்றுகள் மூடாதபடி மெல்லியதாகப் பரப்புங்கள், பாசி குறையும். தேங்காய் நார்த்தூளை மேலே விடவே கூடாது.

வேர் வெளியே தெரியச் சாய்ந்த நாற்றுக்குப் பல்குச்சியால் குழியிட்டுக் கழுத்துவரை (வேரும் தண்டும் சேரும் இடம்) நடுங்கள். அடித்தண்டு கண்ணாடிபோல் மெலிந்தால் நாற்றழுகல். சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறியுங்கள், தயங்கினால் பக்கத்து நாற்றுகளும் போய்விடும். உடல் செம்பழுப்பானால் பயம் வேண்டாம், பெரும்பாலும் வெயில் அதிகம்தான். 50% நிழல்வலை போதும்.