புதுப்பிப்பு: தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி

ஏற்காடு காபித் தோட்டத்தில் தாத்தா வைத்திருந்த இங்கிலாந்துத் துப்பாக்கியில் இன்றைய தோட்டாவைப் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போடக்கூடாது.

சேலத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் துடைத்துக் காட்டினார். சுருள் வரிகள் ஓடும் டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி ஒட்டிச் செய்த பழைய வகை. பழைய கருமருந்தைத் தாங்கும் என்று சோதித்துக் குத்திய முத்திரை மட்டும் இருந்தது, இன்றைய புகையில்லா மருந்துக்கான நைட்ரோ முத்திரை இல்லை. தோட்டா அமரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர்; கடைத் தோட்டாவோ 70.

“உள்ளே சரியாகத்தானே போகிறது?” என்றார் சித்தப்பா. அங்கேதான் வினை. சுடுமுன் தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் நீளம் குறைவு; அந்த 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் குறுகலுக்குள் நீண்டால் அழுத்தம் எகிறும். போதாததற்கு, கடைத் தோட்டாவில் இருப்பது கருமருந்தும் அல்ல, நைட்ரோ மருந்து.

சுடும் ஆசையைக் கைவிட சித்தப்பாவுக்கு இன்னும் மனமில்லை. உரிமத்தைப் புதுப்பிப்போம், சுடுவதாக இல்லை. காட்டுப்பன்றிக்கு வேறு வழி பார்க்கிறோம்.