கலைச்சொல் விவாதம்: அமெரிக்கக் கால்பந்தில் ‘போக்குக்காட்டல்’

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணி தடுப்பாளர்களைத் தயங்க வைக்கும் உத்திகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு வேறு செயல்களுக்கு ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம். எந்தச் சொல்லும் சரியாக உட்காராததற்குக் காரணம் அதுதான்.

> “ஏமாற்று ஆட்டம்” என்றே வைத்துவிடலாமே. பந்து ஒருவரிடம் இருப்பதுபோல் காட்டி இன்னொருவரிடம் கொடுப்பது ஏமாற்றுதானே?

‘ஏமாற்று’ எனக்கு உடன்பாடில்லை. விதிகளே தடை செய்திருக்கும் ஏமாற்றுகள் இந்த ஆட்டத்தில் உண்டு. ஸ்னாப், அதாவது முன்வரிசையிலிருந்து பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குவது, நடப்பதற்கு முன் முன்வரிசை ஆள் திடீரென்று உடலை அசைத்து எதிரணியை இழுக்கக் கூடாது. மாற்று ஆட்டக்காரருக்கு இடம்விட்டு வெளியேறுவதுபோல் நடித்துவிட்டு எல்லைக்கோட்டருகே பதுங்கி நிற்கக் கூடாது. இரண்டுக்கும் தண்டனை உண்டு. அந்தச் சொல்லை இவற்றுக்கு விட்டுவைக்க வேண்டும்.

வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. 1903 அக்டோபர் 31 அன்று கார்லைல் பழங்குடியினர் பள்ளியின் அணி ஹார்வர்டை எதிர்த்து ஆடியது. கார்லைலின் பயிற்சியாளர் பாப் வார்னர், ஒரு ஆட்டக்காரரின் சட்டையில் தையல்காரரைக் கொண்டு எலாஸ்டிக் தைக்கச் செய்திருந்தார். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் ஹார்வர்டு உதைத்த பந்தை ஜிம்மி ஜான்சன் பிடித்தார். அவர் அணியினர் எல்லாரும் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். அந்த மறைவில் பந்து சார்லஸ் டில்லனின் முதுகுப்பக்கம் சட்டைக்குள் போய்விட்டது. கூட்டம் கலைந்து நாலாபக்கமும் ஓட, வெறுங்கையை வீசிக்கொண்டு ஓடிய டில்லனை ஒருவரும் தொடவில்லை, நேரே போய்ப் புள்ளி எடுத்துவிட்டார். கடைசியில் ஹார்வர்டுதான் 12–11 என்று வென்றது. அன்று அதற்குத் தடை இல்லை. பிற்பாடு பந்தை உடைக்குள் ஒளிப்பதை விதி தடுத்துவிட்டது. அந்த வேலையை ‘ஏமாற்று’ என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. இன்றைய அணிகள் செய்வது வேறு.

பொதுப்பெயராக நான் முன்வைப்பது ‘போக்குக்காட்டல்’. வனத்துறைக்குப் போக்கு காட்டும் சிறுத்தை, மாடுபிடி வீரர்களுக்குப் போக்கு காட்டிய காளை என்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். நமக்குப் பழகிய வழக்கு இது. துரத்துகிறவன் ஒருவன் இருக்க வேண்டும், அவன் ஒரு திசையை நம்பி அடி வைக்க வேண்டும், அதற்குள் எதிராளி வேறு பக்கம் போயிருக்க வேண்டும். இந்த மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. குற்றச்சாட்டு இல்லை. கொஞ்சம் வியப்புகூட இருக்கிறது.

தொழில்முறை லீக்கின் 1940-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தை இந்தச் சொல்லால் விவரித்துப் பார்த்தேன், சரியாக வருகிறது. சிகாகோ பேர்ஸ் அணி வாஷிங்டனிடம் 7–3 என்று தோற்று மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 8 அன்று அதே அணியை 73–0 என்று நொறுக்கியது. ஆட்கள் மாறவில்லை. பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸ், கிளார்க் ஷானஸியைத் துணைக்கு வைத்துக்கொண்டு டி வடிவ அணிவகுப்பைச் செப்பனிட்டிருந்தார். தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் நடுவரின் பின்னாலேயே ஒட்டி நின்று பந்தை வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் நிற்கும் மூவரில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஸ்னாப்புக்கு முன்பே ஒருவர் பக்கவாட்டில் ஓடத் தொடங்கியிருப்பார். (இங்கே ‘நடுவர்’ என்று நான் சொல்வது சென்டர் நிலையில் நிற்பவரை. தீர்ப்புச் சொல்பவரோடு குழம்பும் என்பதால் இதற்கும் வேறு சொல் தேவை. இந்த மடலில் இனி சென்டர் என்றே எழுதுகிறேன்.) அன்றைய முதல் ஸ்னாப்பில் வாஷிங்டனின் தடுப்பு எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவதில் பில் ஓஸ்மான்ஸ்கி 68 கஜம் ஓடினார். தடுப்பாளர்களுக்கு அன்று முழுக்கப் போக்கு காட்டினார்கள்.

சரி, இனி உட்பிரிவுகள். சிக்கல் இங்கேதான்.

முதலில் ப்ளே ஆக்‌ஷன், அதாவது பந்தோடு ஓடப்போவதுபோல் காட்டிவிட்டு வீசுவது. இதற்கு என் பரிந்துரை ‘பொய்யோட்ட வீச்சு’. ‘பொய்’ என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பொய்க்கோபம், பொய்த்தூக்கம், பொய்க்கால் குதிரை என்றெல்லாம் பழி சேராமல் அது முன்னொட்டாக வரும். ‘போலி’ என்று வைத்தால் போலிச் சான்றிதழ், போலி மருத்துவர் பக்கம் மனம் போகிறது.

இந்த ஆட்டத்தில் லைன்பேக்கர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் சொல்லின் பொருத்தம் விளங்கும். அவர் தடுக்கும் அணியின் முன்வரிசைக்கு நாலைந்து கஜம் பின்னால் நிற்கிறார். பந்தைப் பார்ப்பதைவிட, தனக்கு எதிரே நிற்கும் தாக்குதல் வரிசை ஆட்களின் தலைக்கவசத்தைப் பார்க்கத்தான் அவருக்குச் சிறுவயது முதல் பயிற்சி. கவசம் தாழ்ந்து முன்னே பாய்ந்தால் ஓட்டம், நிமிர்ந்து பின்வாங்கினால் வீச்சு. பொய்யோட்ட வீச்சில் வரிசை ஆட்கள் ஓட்டத்துக்கு உரியபடி தாழ்ந்து பாய்கிறார்கள். குவார்ட்டர்பேக் பந்தை நீட்டுகிறார். ஓட்டக்காரர் காற்றை அணைத்துக்கொண்டு ஓடுகிறார். லைன்பேக்கர் முன்னே இரண்டு அடி வைத்துவிட்டார் என்றால் போதும். அவர் விட்டுவந்த இடம் காலி. முழு வேகத்தில் ஓடும் ஒருவர் 40 கஜத்தை நாலரை நொடியில் கடப்பார் என்றால், அரை நொடித் தயக்கத்தின் விலை நாலு கஜத்துக்கும் மேல். வீச்சு போய்ச் சேர அந்த இடைவெளி தாராளம்.

“அடிக்கடி ஓடிக் காட்டினால்தான் பொய்யோட்டம் எடுபடும்” என்று பயிற்சியாளர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். தொழில்முறை லீக்கின் தரவுகளைப் பிரித்துப் பார்த்த புள்ளிவிவர ஆய்வாளர்களுக்கு அப்படியொரு தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. குறைவாக ஓடும் அணிக்கும் பொய்யோட்டம் பலன் தருகிறது. லைன்பேக்கர் அன்றைய ஆட்டத்தின் கணக்கை வைத்து முடிவெடுப்பதில்லை, கண்முன் தெரியும் அசைவுக்கு அவர் கால் தானாக நகர்கிறது என்பதுதான் எனக்குப் படும் விளக்கம். ஆகவே சொல்லிலும் ‘பொய்யோட்டம்’ முன்னால் நிற்பதே முறை. வீச்சு வெறும் முடிவு, வேலை நடப்பது பொய்யில்.

இரண்டாவது வகை ஆப்ஷன். இதைப் பொய் என்ற பெட்டிக்குள் போட முடியாது, ஏனென்றால் இதில் பொய்யே இல்லை! ஸ்னாப் ஆகும்போது தாக்கும் அணிக்கே பந்து எங்கே போகும் என்று தெரியாது. தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவைப்பார்கள். அவர் எந்தப் பக்கம் போகிறாரோ, பந்து மறுபக்கம் போகும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்ட் 1968-இல் கொண்டுவந்த விஷ்போன் அணிவகுப்பில் குவார்ட்டர்பேக்குக்கு மூன்று வழிகள் இருந்தன: நடுவில் பாய்பவரிடம் கொடுப்பது, தானே ஓடுவது, பக்கத்தில் வருபவருக்குத் தட்டிவிடுவது. மூன்றும் உண்மையான வழிகள்.

ரிச் ரோட்ரிகஸ் சொல்லும் ஒரு சம்பவம் இதை இன்னும் தெளிவாக்கும். 1990-களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் சிறிய கல்லூரியான க்ளென்வில் ஸ்டேட்டில் அவர் பயிற்சியாளராக இருந்தார். ஒரு பயிற்சியில் குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுக்கத் தடுமாறிவிட்டார். ஓரத் தடுப்பாளர் ஓட்டக்காரரை நோக்கி உள்ளே பாய்வதைப் பார்த்ததும், பந்தை எடுத்துக்கொண்டு அவர் விட்டுப்போன காலி இடத்தில் ஓடினார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ரோட்ரிகஸ் கேட்க, அவர் உள்ளே வந்துவிட்டாரே என்றார் அந்தப் பையன். தடுப்பாளரைப் பார்த்துக் கொடுப்பதா ஓடுவதா என்று முடிவு செய்யும் ஸோன் ரீட் அங்கே பிறந்தது. பார்த்தார், ஆடினார். ஆகவே ஆப்ஷன் வகைக்கு என் பரிந்துரை ‘பார்த்தாடல்’. ‘விருப்பத் தேர்வு’ என்று ஒரு மடலில் வந்தது, ஆனால் அது கல்லூரிப் பாடத்திட்டத்தில் விருப்பப்பாடம் எடுப்பதுபோல் ஒலிக்கிறது. தேர்வு இங்கே குவார்ட்டர்பேக்கின் விருப்பமே இல்லை, எதிராளியின் கால் சொல்வதுதான்.

> இரண்டிலும் தடுப்பாளர் தயங்குகிறார். விளைவு ஒன்றுதானே, சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டுமே.

இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். பொய்யோட்டத்தில் சரியான விடை ஒன்று இருக்கிறது. வரிசை ஆட்களின் அசைவில் சின்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் தடுப்பாளர் ஏமாறாமல் தப்பலாம். பார்த்தாடலில் அவருக்குச் சரியான விடை கிடையாது. அவர் முடிவெடுத்த பிறகுதான் எதிரணி முடிவெடுக்கிறது. உள்ளே போனாலும் தவறு, வெளியே நின்றாலும் தவறு. அதனால் மருந்தும் வேறு. முதலாவதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளைப் பொறுப்பாக ஒதுக்க வேண்டும், அல்லது அந்தப் பக்கம் இன்னொரு ஆளைச் சேர்க்க வேண்டும். தமிழில் படித்து ஆடப் பழகும் ஒரு பிள்ளைக்கு இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்) பார்த்தாடலின் இளைய தம்பி. ஓட்டமும் வீச்சும் ஒரே ஆட்டத்துக்குள் இருக்கும், லைன்பேக்கர் ஒருவரைப் பார்த்துக் குவார்ட்டர்பேக் முடிவு செய்வார். இதற்கு ‘ஓட்டமா வீச்சா’ என்றே வைக்கலாம். ‘பூவா தலையா’ என்ற வடிவம் நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. நாணயம் சுண்டுவதுபோல் தற்செயல் என்று பொருள்பட்டுவிடுமோ என்று தயங்கினேன். ஆனால் ‘ஆ–ஆ’ என்பது கேள்வி வடிவம் மட்டுமே, தற்செயலைக் கொண்டுவருவது நாணயம்தான். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2017 பருவத்தில் இதை வைத்து நிறைய ஆடியது. முதன்மைக் குவார்ட்டர்பேக் காயமடைந்தபின் இறங்கிய நிக் ஃபோல்ஸ், 2018 பிப்ரவரி 4 அன்று நியூ இங்கிலாந்தை 41–33 என்று தோற்கடித்த அணியை நடத்தினார். விதி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீச்சு போவதற்குள் வரிசை ஆட்கள் முன்னே போகக்கூடிய தூரம் தொழில்முறை லீக்கில் 1 கஜம், கல்லூரியில் 3 கஜம். ‘ஓட்டமா வீச்சா’ கல்லூரிகளில் அவ்வளவு செழித்ததற்கு அந்த இரண்டு கஜ வித்தியாசம் பெரிய காரணம்.

இந்த ஆட்டங்களில் மாட்டிக்கொள்ளும் தடுப்பாளரை ‘இருதலைத் தடுப்பாளர்’ என்று சொல்லலாமா? இருதலைக்கொள்ளி எறும்பிலிருந்து எடுத்தேன். இருதலைப் பாம்பு நினைவுக்கு வரும் என்பவர்கள் வேறு சொல் தரலாம், எனக்கு இதில் பிடிவாதம் இல்லை.

ஸ்னாப்புக்கு முன் நடக்கும் நகர்வுக்கு ‘முன்னகர்வு’ என்று இருவர் எழுதியிருந்தார்கள். இதை ஏற்கவே கூடாது. படிப்பவர் முன்னோக்கிய நகர்வு என்று எடுத்துக்கொள்வார். ஸ்னாப் நேரத்தில் ஒருவர் மட்டும் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாம் என்பதே அமெரிக்க விதி. முன்னோக்கி நகர்ந்தால் 5 கஜத் தண்டனை. விதிக்கு நேர் எதிராகப் பொருள்படும் சொல் நமக்கு வேண்டாம். ‘குறுக்கு நகர்வு’ போதும். அப்படி நகர்பவரை ஒரு தடுப்பாளர் பின்தொடர்ந்தால் ஆளுக்கு ஆள் காவல் என்றும், தொடராமல் வரிசை மட்டும் சற்று நகர்ந்தால் பகுதிக்காவல் என்றும் பெரும்பாலும் ஊகிக்கலாம். ஊகத்துக்கு உதவுவதோடு, ஓட்டத்தோடேயே ஆட்டத்தைத் தொடங்கவும் உதவும். 2023 செப்டம்பர் 24 அன்று டென்வரை 70–20 என்று வென்று 726 கஜம் எடுத்த மயாமி அணியின் ஆட்டத்தில் இந்தக் குறுக்கு நகர்வை நிறையப் பார்க்கலாம்.

கணிக்க முடியாத தன்மைக்கு ‘கணிக்கவியலாமை’ என்று வந்தது. வாயில் நுழையவில்லை. ‘பிடிகொடாமை’ என்கிறேன். ‘பிடிகொடுக்காமல் பேசுகிறார்’ என்று சொல்கிறோமே, அதேதான். இதை இலங்கை வழக்கின் ‘எழுமாறு’, தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘சமவாய்ப்பு’ ஆகியவற்றோடு கலக்கக் கூடாது. சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ், ஒரு போட்டியின் தொடக்கத்தில் ஸ்னாப்புக்கு ஸ்னாப் என்ன ஆடுவது என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பார். குலுக்கலுக்கு அதில் இடமே இல்லை. சந்தடி இல்லாத அறையில் நிதானமாக எடுத்த முடிவுகள் அவை. ஆனால் எதிரணி, “இந்தச் சூழலில் எல்லாரும் வீசுவார்கள்” என்று பழக்கத்தை வைத்துக் கணித்தால் பிடி கிடைக்காது. முழுக்கத் திட்டமிட்டதும் பிடிகொடாததாக இருக்கலாம்.

நிலைகளின் பெயர்களை, அதாவது குவார்ட்டர்பேக், லைன்பேக்கர், சேஃப்டி போன்றவற்றை, இப்போதைக்கு அப்படியே விடலாம் என்பது என் எண்ணம். செயல்களுக்குத் தமிழ் கிடைத்துவிட்டால் ஆட்டத்தை விளக்கிவிடலாம்.

கடைசியாக ஒன்று மிச்சம், ஹார்டு கவுண்ட். உடம்பை அசைக்காமல் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் இடைவெளியாலும் மட்டும் தடுப்பு வரிசையை முன்கூட்டியே பாய வைப்பது. குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் இதில் பேர்போனவர். தடுப்பாளர் கோட்டைத் தாண்டிய நொடியில் ஸ்னாப் வாங்கி, வீச்சு வீணானாலும் எதிரணிக்கான தண்டனையாக 5 கஜம் எப்படியும் உண்டு என்ற தெம்பில் நீளமாக வீசிவிடுவார். ‘குரல்தூண்டில்’ என்று யோசித்திருக்கிறேன். ‘தூண்டில் போட்டார், சிக்கினார்’ என்று வினையாகவும் வளைகிறது. ஆனால் மீன்பிடிப்பின் சாயல் கலைச்சொல்லுக்கு அதிகமோ என்றும் படுகிறது. ‘குரலேய்ப்பு’ என்றால் சுருக்கம், ஆனால் ஏமாற்றுக்குச் சொன்ன என் மறுப்பே இதற்கும் பொருந்திவிடும். வேறு சொல் தோன்றுபவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்.